தீக்குப் பின் லண்டன் வீடுகள்

1666 செப்டம்பர் 2 அன்று புட்டிங் லேன் தெருவின் ரொட்டிக்கடை ஒன்றில் பற்றிய தீ, சில நாட்களில் லண்டன் நகரின் சுமார் 13,200 வீடுகளை அழித்தபின், வீடிழந்தோரைப் பெரிதும் வாட்டியது குத்தகை ஒப்பந்தமே ஆகும். எத்தகைய சேதத்தையும் குடியிருப்பவரே சீர்செய்து, வாடகையையும் நிறுத்தாமல் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தங்கள் பலவற்றில் இருந்தமையால், வெறும் சாம்பல் மேட்டுக்கு வாடகை கட்டும் கொடுமை நேர்ந்தது. இதைத் தீர்க்க நாடாளுமன்றம் நிறுவிய தீ நீதிமன்றம், அதாவது எரிந்த கட்டடங்கள் தொடர்பான வழக்குகளுக்கென்றே அமைந்த மன்றம், 1667இல் கிளிஃபோர்ட்ஸ் இன் மண்டபத்தில் கூடியது. மேத்யூ ஹேல் முதலிய நீதிபதிகள் ஊதியம் பெறாமல் அமர்ந்து, வீட்டைக் கட்ட முன்வந்தவருக்கு வாடகையைக் குறைத்தும் குத்தகைக் காலத்தை நீட்டியும் அளித்த தீர்ப்புகள், சட்டத்தின் எழுத்தைவிட நியாயத்தைப் பெரிதாக மதித்த அரிய செயலாகும்.

கட்ட விரும்பியவர் முதலில் இடிபாடுகளை அகற்றி அடித்தளத்தை வெளிக்கொணர்ந்து, நகரக் கருவூலத்தில் 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்தி, அதன் பற்றுச்சீட்டை நில அளவையாளரிடம் காட்ட, அவர் முளையடித்து எல்லையைக் குறித்துத் தந்தார். அவ்வாறு தெருத்தெருவாக அளந்தவர்களுள் அறிவியலறிஞர் ராபர்ட் ஹூக்கும் ஒருவர். தெருவை அகலப்படுத்தியதால் மனையில் ஒரு பகுதியை இழந்தவருக்கு, இழந்த பரப்பைக் குறித்த சான்றிதழையும் அவர் வழங்கினார், அதைக் கொண்டே இழப்பீடு கோர முடிந்தது. வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும் என்பது 1667ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. பின்னர் 1680களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் பார்பன் தொடங்கிய தீக் காப்பீடு, செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் 2.5 விழுக்காட்டையும், மர வீட்டுக்கு அதன் இருமடங்கையும் கட்டணமாகப் பெற்றது.