ஊர் திரும்பிய வெண்செரி

ஏப்ரலில் இங்கிலாந்துத் தோட்டங்களில் பூத்து நிற்கும் யப்பானியச் செரி மரங்களை எவரும் பழத்துக்காக வளர்ப்பதில்லை. பூவுக்காகவே வளர்க்கிறார்கள், அதுவும் ஓரிரு வாரங்களில் கொட்டிவிடும். இவற்றுள் 'தைஹாகு' என்ற இனத்தின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 'பெரிய வெள்ளை' என்பது பெயரின் பொருள். செம்புநிறத் துளிர்களுக்கு நடுவே இரண்டரை அங்குல அகலத்தில் தூய வெண்பூக்கள்.

தோட்டச் செரிகள் விதையிட்டால் இனம் மாறிவிடும், ஒட்டுக்கட்டியே பெருக்கவேண்டும். ஒட்டு மாங்கன்று வைத்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டுகிற கை ஓய்ந்தால் இனமும் ஓய்ந்துவிடும். 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் யப்பானியப் பிரபுக்களின் தோட்டங்கள் அழிந்தன. 1886இல் தோக்கியோவின் அரகாவா ஆற்றங்கரையில் 78 இனங்களை நட்டுக் காத்தார்கள். மற்ற இடங்களிலெல்லாம் விரைந்து வளரும் 'சோமெய் யோஷினோ' என்ற ஒரே இனமே பரவியது.

கொலிங்வூட் இங்ரம் பறவை ஆய்வாளர். 1919இல் கென்ற் பகுதியின் பெனன்டன் கிராமத்தில் குடியேறியபின் செரிப் பித்துப் பிடித்தவர். 1923இல் சசெக்ஸ் தோட்டமொன்றில் பட்டுப்போகும் நிலையில் ஒரு வெண்செரியைக் கண்டு, மிஞ்சிய குச்சிகளை வெட்டிவந்து ஒட்டினார். 1926இல் அவர் யப்பான் சென்றபோது, அரகாவா மரங்களைப் பராமரித்த ஃபுனாட்சு செய்சாகு தம் முன்னோர் வரைந்த ஓவியச் சுருள் ஒன்றை விரித்துக் காட்டினார். இந்த மரம் இப்போது எங்கும் இல்லை என்றார் முதியவர். அது தம் தோட்டத்தில் நிற்பதை இங்ரம் உடனே அறிந்துகொண்டார்.

முதலில் அனுப்பிய குச்சிகள் வழியிலேயே கெட்டன. பிறகு அடிநுனியை உருளைக்கிழங்கில் குத்தி, சைபீரிய இரயிலில் அனுப்பினார். 1932இல் கியோத்தோவின் சனோ குடும்பத் தோட்டக்காரர் கையில் ஒட்டுப் பிடித்தது.

அப்போது மஞ்சூரியா யப்பானியப் படையின் பிடியில். உதிரும் செரிப்பூவைக் காட்டித்தான் இளைஞரைச் சாவுக்கு அழைத்தது அந்த அரசு. விமானியோடு வெடித்துச் சிதறும் ஆயுதத்துக்கு 'ஓக்கா', அதாவது செரிப்பூ, என்றே பெயர் வைத்தது. குச்சியை உருளைக்கிழங்கில் குத்தி அனுப்பியவரின் பூ வேறு, இது வேறு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பூ ஒன்றுதான்.

இங்ரம் 1981இல் நூறு வயதில் காலமானார். இங்கிலாந்தின் வடகோடியில் அனிக் தோட்டத்தில் தைஹாகு மட்டும் 329 மரங்கள் நிற்கின்றன. வீட்டில் வைக்க விரும்புவோருக்கு நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக்கன்று கிடைக்கும். இருபத்தைந்து அடி பரவும், இடம் விட்டு நடுங்கள். கிளை தறிப்பதென்றால் கோடையில் தறியுங்கள். குளிர்காலத்து வெட்டில் பூஞ்சண நோய் புகுந்துவிடும்.