ஜூலை 15 யார் கேட்டு வாங்கிய நாள்?



ஒவ்வொரு வருடமும் ஜூலை 15இல் உலக இளைஞர் திறன்கள் தினம் பற்றிக் காலைக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறோம். அந்த நாளை உலகத்திடம் கேட்டு வாங்கியது நமது நாடு என்பதை ஆசிரியர்களாகிய நாமே பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

1965இல் ஐ.நா. பொதுச்சபை இளைஞர் பற்றி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. அவர்களை எப்படி வளர்ப்பது என்பதே அதன் பேச்சு. 1985, சர்வதேச இளைஞர் ஆண்டு. அதன் தொனிப்பொருளில் முதற்சொல்லே 'பங்கேற்பு'.

2014 மே மாதம் உலக இளைஞர் மாநாடு கொழும்பில் கூடியது. 2015க்குப் பிந்திய அபிவிருத்தித் திட்டத்தில் இளைஞர்களுக்கு இடம் வேண்டுமென்று கொழும்புப் பிரகடனம் கேட்டது. அதே டிசம்பரில், இலங்கை முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தால் ஜூலை 15 பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த 17 பேண்தகு அபிவிருத்தி இலக்குகளில் எட்டாவது, படிப்பும் தொழிலும் பயிற்சியும் இல்லாத இளைஞர் வீதத்தை 2020க்குள் கணிசமாகக் குறைப்போம் என்றது.

2020 போய்விட்டது. சாதாரண தரம் எழுதிவிட்டுச் சந்தியில் நிற்கும் பிள்ளைகளை நாம் தினமும் கடந்து போகிறோம்.

அரசாங்கத்தைக் கேட்க முன் நம்மைக் கேட்போம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருபது வயதுப் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறோமா? கூட்டத்துக்குக் கதிரை அடுக்க மட்டுமே அவர்களைக் கூப்பிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் அதில் ஒன்றில் அவர்களையும் உட்கார வைப்போம்.