மணமகள் அறையும் மணமேடையும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, செம்மேட்டுக்கு அப்பால் ஓர் ஊருக்கு விடியும் முன்பே போய்ச் சேர்ந்தேன். மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் திருமணம். மணமகள் அறையில் இரண்டு கேமராக்களை மாட்டிக்கொண்டு நின்றவள் என் பழைய மாணவி. தமிழ் இலக்கியம் படித்தவள். இப்போது திருமணப் புகைப்படக்காரர்.

“எதுக்குக் கண்ணு ரெண்டு கேமரா?”

“ஒண்ணுல 35 எம்எம், இன்னொண்ணுல 85, மேடம். தாலி கட்டுறப்ப லென்ஸ் மாத்திட்டு நிக்க முடியுமா? ஒண்ணு மக்கர் பண்ணினாலும் இன்னொண்ணு கை கொடுக்கும்.”

ஒவ்வொரு கேமராவிலும் இரண்டு கார்டுகள். ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். ஒன்று பழுதானால் கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாதே. வெளியே பனி, உள்ளே அடுப்படிச் சூடு. குளிர்ந்த லென்ஸை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் ஆவி படிந்துவிடும் என்று பையை மூடியபடியே சிறிது நேரம் வைத்திருந்தாள். சுடிதாரில் பாக்கெட் இல்லாததால் பேட்டரிகளுக்கு இடுப்பில் ஒரு பை. தோள்வாரை மார்பில் உறுத்தாதபடி தானே வெட்டித் தைத்திருந்தாள்.

முகூர்த்தம் நெருங்கியதும் அவளை வேலைக்கு அழைத்து வந்தவர் சொன்னார்: “பொண்ணு ரூம் உன் வேலை. மேடையை நாங்க பாத்துக்கறோம்.”

இந்தப் பாகப்பிரிவினை புதிதல்ல. ஆறாம் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரரான லாலா தீன் தயாள் 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோவைத் திறந்தார். பர்தா முறையில் வாழ்ந்த பெண்களை அந்நிய ஆண்கள் படமெடுக்க முடியாது. எனவே கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதை நடத்தினார். பெண் கையில் கேமரா வந்தது. ஆனால் சுவருக்கு உள்ளே மட்டும்.

சுவருக்கு வெளியே வந்தவர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படுபவர். புடவை கட்டிக்கொண்டு, கனத்த ஸ்பீட் கிராஃபிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கூட்டத்தில் நின்றார். அந்தக் கேமராவில் ஒரு ஹோல்டருக்கு இரண்டே ஃபிலிம் தாள்கள். பல்ப் ஃபிளாஷ் என்றால் ஒரு படத்துக்கு ஒரு பல்ப். கைக்கு அடக்கமான ரோலிஃபிளெக்ஸையும் பயன்படுத்தினார். காந்தியின் இறுதிச் சடங்கையும் படமெடுத்த அவருடைய தொடக்க காலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. 1970இல் கேமராவைக் கீழே வைத்தார். பத்ம விபூஷண் விருது வந்தது 2011இல்; அடுத்த ஆண்டு மறைந்தார்.

ஹோமாயின் காலத்துக் கருவி கனமானது, உண்மைதான். ஆனால் பெண்களைத் தடுத்தது கனம் என்றால், கருவி இளைக்க இளைக்க அவர்கள் மேடைக்கு வந்திருக்க வேண்டுமே! இன்று ஃபிலிம் இல்லை, பல்ப் இல்லை. என் மாணவி இன்னமும் உள்ளறையில்தான் நிற்கிறாள். விளக்கு, முக்காலி, நல்ல லென்ஸ் எல்லாம் மேடைக்குப் போகின்றன. அங்கே நிற்பவருக்கே பெயரும் கூடுதல் கூலியும்.

அன்று கெட்டிமேளம் முழங்கியபோது சொந்தக்காரர்கள் எழுந்து நின்று மேடையை மறைத்துவிட்டார்கள். மணமகளின் பின்னால், பெண்கள் நெருக்கி நின்ற இடத்திலிருந்து, 35 எம்எம்மில் அவள் எடுத்த படத்தில்தான் மூன்றாவது முடிச்சைப் போடும் நாத்தனாரின் விரல்கள் தெரிந்தன. பிறகு ஆல்பத்தைப் பார்த்தேன். அந்தப் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. பின்னட்டையில் ஸ்டுடியோவின் பெயர் மட்டும்.

கொல்லிப்பாவையைத் தெய்வம் செய்தது என்கின்றன சங்கப் பாடல்கள். தலைவியின் அழகுக்கு அவள் உவமை. அவளைப் பார்த்தவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவள் எதைப் பார்த்தாள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

மாணவியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: “அடுத்த கல்யாணத்துக்கு ஒத்துக்கிறப்பவே ஆல்பத்துல உன் பேரு வரணும்னு எழுதி வாங்கிக்க.”

“கேட்டா வேலை போயிடும் மேடம்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனாலும் கேக்கறேன்” என்றாள்.