ரேவாவும் ஜி-விஸ்ஸும்: ஒரு வண்டியின் வகைப்பெயர்

பெங்களூருவில் உருவான சிறிய மின்வண்டி ஒன்றைப் பிரித்தானிய வாகன இதழியல் எதிர்கொண்ட விதம், தொழில்நுட்ப வரலாற்றாளர்களைப் போலவே மொழியியல் மாணவர்களும் கவனிக்க வேண்டியது. அங்கே எழுந்த பூசலின் அடியில் இருந்தது ஒரு சொல்: கார்.

மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் 1994இல் கூட்டாகத் தொடங்கிய முயற்சி, சேத்தன் மைனியின் தலைமையில் 2001இல் 'ரேவா'வாகச் சாலைக்கு வந்தது. இரண்டு கதவுகள், ஈய-அமில மின்கலங்கள், குழந்தைகளுக்கு மட்டுமே போதுமான பின்னிருக்கை. லண்டனில் 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் நடைமுறைக்கு வந்தபோது மின்வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மறு ஆண்டே ரேவா அந்நகரில் 'ஜி-விஸ்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் கார் என்று விற்கப்பட்ட அவ்வண்டி, ஐரோப்பிய விதிகளின்படி கார் அன்று, 'குவாட்ரிசைக்கிள்'. மின்கலங்கள் நீங்கலாக 400 கிலோவுக்கு மிகாத எடை, 15 கிலோவாட்டுக்கு மிகாத திறன் என்பவை அப்போது அவ்வகையின் வரையறையாக இருந்தன. கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனைகள் இவ்வகைக்குத் தேவைப்படவில்லை. ஆனால் வாங்குவோர் கண்ணுக்கு அது காராகவே தெரிந்தது.

'டாப் கியர்' நிகழ்ச்சியின் ஜெரமி கிளார்க்சன் அதனை விடாது நகையாடினார். விரைவையும் ஆற்றலையும் அளவுகோலாகக் கொண்ட விமர்சன மரபுக்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும் வண்டி எளிய இலக்கு. அந்த நகைப்பில் அறிந்துகொள்ள ஏதுமில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதே பெயர்கொண்ட இதழ் 2007இல் செய்தது வேறு வகையான பணி. போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஜி-விஸ்ஸை மோதச் செய்து, உள்ளே இருப்போர் உயிருக்கு ஆபத்தான காயமடைவர் என்று காட்டியது. பிரித்தானியப் போக்குவரத்துத் துறையும் அவ்வாண்டில் தனியே சோதித்துக் கவலை தெரிவித்தது. குவாட்ரிசைக்கிளைக் காருக்குரிய சோதனையால் அளப்பது முறையா என்று கேட்கலாம், நியாயமான கேள்வியே. எனினும் எதிரே மோத வரும் வாகனம் வகைப்பெயரைப் பார்த்து வருவதில்லை.

இதனைக் காலனிய ஏளனத்தின் தொடர்ச்சி என்று மட்டும் வாசிப்பது எளிது. கிளார்க்சன் அதற்கு வேண்டிய சான்றுகளையும் வழங்கியிருக்கிறார். அவ்வாசிப்பில் விடுபடுவது பெங்களூருவின் பயணி. அதே வண்டியில் ஓசூர் சாலையில் சென்றவருக்காக இங்கே எந்தச் சட்டமும் மோதல் சோதனை கோரவில்லை. முன்மோதல் சோதனை புதிய வகைக் கார்களுக்கு இந்தியாவில் கட்டாயமானது 2017 அக்டோபரில்தான். அதற்கு முன், 2014 தொடக்கத்தில், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ, நானோ உள்ளிட்ட ஐந்து இந்தியச் சிறுகார்களைச் சோதித்தது. ஐந்தும் பெற்றவை சுழியன் விண்மீன்கள். அவை யாவும் ஐயமின்றிக் கார்களே.

ரேவா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை மகிந்திரா 2010இல் வாங்கியது. ஈராண்டில் ரேவாவின் உற்பத்தி நின்றது. 'குவாட்ரிசைக்கிள்' தனிநபர் பயன்பாட்டுக்குரிய வாகன வகையாக இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது 2018 நவம்பரில்.