மின்கிட்டார் ஒலிபெருக்கம்: முத்துக்குளித்துறை மேடைகள்

மின்கிட்டாரின் கம்பி அதிர்வைப் பிக்கப் எனப்படும் காந்தச் சுருள் மின்னோட்டமாக்குகிறது. ஆம்ப் அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் பெட்டி அதை மீண்டும் ஒலியாக்குகிறது. இம்மூன்றில் கேட்பவரின் காதுக்கு மிக அருகில் இருப்பது பெட்டிதான் என்பதால் கிட்டாரின் குரலைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மின்கிட்டார் ஒலிக்கும் இடங்கள் மாதா கோயில் திருவிழா, கோயில் கொடை, குலசேகரன்பட்டினம் தசரா, திருமண வீட்டு இன்னிசைக் கச்சேரி, நற்செய்திக் கூட்டம் ஆகியவை. இந்த மேடைகளில் பெட்டியைத் தேர்ந்தவர் பெரும்பாலும் கிட்டார்காரர் அல்லர், மைக் செட்காரரே. இக்கட்டுரை பேசும் வரலாறு அந்த ஏற்பாட்டின் வரலாறு.

மைக்குக்கு முன்

கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் இரவு முழுதும் நடந்த வாசாப்பு நாடகங்களும், உள்நாட்டுக் கொடைகளின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் வெறும் தொண்டையையும் தாளக்கருவியையும் நம்பியவை.

குழாய்களின் காலம்

இந்தியப் பொதுக்கூட்டங்களில் ஒலிபெருக்கி பரவியதற்கு 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் மாநாட்டைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். மோட்வானே குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' நிறுவனம் அங்கே கருவிகளை அமைத்தது. தலைவர்களின் பழைய படங்களில் மைக்கின் நெற்றியில் அப்பெயர்ப் பலகையை இன்றும் காணலாம். டெல்லியில் 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்புகளும் குழாய்களும் பின்னர் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை சென்றன.

குழாய் என்று தென்மாவட்டங்களில் அழைக்கப்படும் கூம்பு ஒலிபெருக்கி, பேச்சுக்காகவே பிறந்த கருவி. அதன் பின்புறத்தில் திருகாணி போலக் கழற்றி மாட்டக்கூடிய யூனிட் இருக்கும். சுருள் கருகிவிட்டால் யூனிட்டைத் திறந்து, பழைய டயாபிரத்தை எடுத்துப் புதியதை வைத்து, திருகி மூடி, 'ஹலோ, மைக் டெஸ்ட்டிங்' சொல்லிப் பார்க்கும் வேலை திருவிழாத் தெருவிலேயே முடிந்துவிடும். இவ்வளவு எளிதாகப் பழுது நீக்கக்கூடிய ஒலிக்கருவி வேறு அரிது. ஆம்பிலிருந்து குழாய்க்கு 100 வோல்ட் இணைப்பில் கம்பி செல்லும். மின்னழுத்தம் கூடினால் அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் குறைவு, கம்பியில் இழப்பும் குறைவு. கடற்கரையிலிருந்து ஊர்க்கோடி வரை கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்ட முடிந்தது இதனால்தான். கிட்டார் பெட்டிகளின் 4, 8, 16 ஓம் இணைப்பு சில மீட்டர் கம்பிக்கே உரியது.

ஆனால் கிட்டாரை இந்தக் குழாயில் விட்டால் என்ன ஆகும்? கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குழாயோ சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் தராது. அடிச்சுரம் போய் அதன் மேற்சுரங்கள் மட்டும் வரும். மெல்லிய தந்திகளில் வாசிக்கும் மெட்டு வெகுதூரம் தெளிவாகக் கேட்கும், கார்டு வாசித்தால் தகரம் தட்டியது போலாகும். குழாய்க் காலத்துக் கச்சேரிகளில் கிட்டார் ஒற்றை மெட்டுக் கருவியாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அக்காலத் திரைப்பாடல்களின் இசைக்கோவையே அப்படி அமைந்தது என்பாரும் உளர். இரண்டுக்கும் பங்கிருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

மேற்கில் பெட்டி பிறந்த விதம்

கிட்டாருக்கென்றே பெட்டி அமைந்த கதை மேற்கில் தொடங்குகிறது. ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து 1932இல் விற்பனைக்கு வந்த 'வாணலி' எனப் பட்டப்பெயர் பெற்ற ரிக்கன்பேக்கர் கிட்டார், வெற்றிகரமாக விற்பனையான முதல் மின்கிட்டாராகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் வகை அது. தொடக்ககால ஆம்புகள் சிறிய மரப்பெட்டிகள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாகவே இருக்கும், பின்புறம் திறந்திருக்கும். திறந்த பெட்டியில் ஒலி முன்னும் பின்னும் பரவும், அடிச்சுரம் ஓரளவு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஃபெண்டர் ஆம்புகளும் 1950களின் இறுதியில் வந்த பிரிட்டனின் வாக்ஸ் ஏசி30ம் இவ்வகை.

லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் ஜேடிஎம்45 ஆம்ப் உருவானது. அதன் மின்சுற்று ஃபெண்டர் பாஸ்மேனைத் தழுவியது. பாஸ்மேன் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட திறந்த பெட்டி. மார்ஷல் ஆம்பைத் தனியே பிரித்து, நான்கு 12 அங்குலச் செலஸ்டியன் ஸ்பீக்கர்களை முற்றும் மூடிய பெட்டியில் வைத்தார். அக்காலச் செலஸ்டியன்கள் தாங்கிய ஆற்றல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 முதல் 20 வாட்தான் என்பதால், நாலைச் சேர்த்தால்தான் ஆம்பின் முழு வீச்சைத் தாங்கும். ராக் இசையின் அடையாளமாகிவிட்ட அப்பெட்டியின் அளவு இப்படித்தான் அமைந்தது. 1965இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டி கேட்டார், சுமப்பவர்கள் திணறினர், பிறகு அது இரண்டு நான்குகளாக வெட்டி அடுக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. முதலில் கேட்டவர் அதே குழுவின் ஜான் எண்ட்விசில் என்றும் ஒரு தரப்பு உண்டு.

அதே 1965, ஆகஸ்ட் 15. நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு 55,000 பேருக்கு மேல் திரண்ட கூட்டத்தின் முன் 100 வாட் வாக்ஸ் ஆம்புகளோடு நின்றது. பாட்டு அரங்கத்தின் அறிவிப்புக் குழாய்கள் வழியே சென்றது. கூச்சலில் யாருக்கும் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. ஆம்பின் வாட்டைக் கூட்டிக்கொண்டே போவதால் திறந்தவெளியை வெல்ல முடியாது, ஆம்பின் முன் மைக் வைத்துப் பொது ஒலியமைப்பில் கலப்பதே வழி என்ற தெளிவு அடுத்த சில ஆண்டுகளில் ஏற்பட்டது. நமது மைக் செட்காரர்கள் வேறு வழியில்லாமல் கிட்டாரைத் தங்கள் ஒலியமைப்பிலேயே விட்டுவந்ததும் இதற்கு நெருக்கமானதே.

இலங்கை வானொலியும் இன்னிசைக் கச்சேரியும்

முத்துக்குளித்துறையில் கிட்டார் ஒலி வீடுகளுக்குள் வந்த வழிகளில் முக்கியமானது இலங்கை வானொலி. எதிர்க்கரையில் பைலா என்னும் நடன இசை ஏற்கெனவே கிட்டாரைத் தன்னுடையதாக்கியிருந்தது. சிங்கள இசைக்கு மின்கிட்டாரைக் கொண்டுவந்தவராக 1960களின் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்தன பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசை 1970களில் இரு கரைகளிலும் ஒலித்தது. மனோகரனால் புகழ்பெற்ற 'சுராங்கனி', இளையராஜா இசையில் 1977இல் தமிழ்த் திரைக்கும் வந்தது.

கோயிலின் பங்கும் உண்டு. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, உரிய ஒப்புதலோடு பிற இசைக்கருவிகளையும் வழிபாட்டில் சேர்க்க இடமளித்தது. தாய்மொழித் திருப்பலியோடு கிட்டாரும் பங்குப் பாடகர் குழுக்களுக்குள் நுழைந்தது.

கருவி வாங்கச் சென்னைக்குப் போனவர்கள் நாடிய கடைகளில் ஒன்று 1842இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிக்கல். அயல்நாட்டு ஆம்புகள் இறக்குமதித் தீர்வையால் எட்டாத விலையில் இருந்தன. கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார் கைக்கு எட்டியது. ஆம்புக்கு உள்ளூர் ரேடியோ மெக்கானிக் இருந்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960களில் தயாரிக்கத் தொடங்கிய ரேடியோ வால்வுகளில் சில, மேலைக் கிட்டார் ஆம்புகளிலும் பயன்பட்ட வகைகளே.

1980களின் கச்சேரிகளில் கிட்டார்காரரை அளந்த உரைகல் 'இளைய நிலா'. 1982ஆம் ஆண்டின் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக அதன் கிட்டார் பகுதியை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்க வேண்டிய அப்பாட்டுக்கு டிஸ்டார்ஷன் எனப்படும் உடைந்து உறுமும் ஒலி உதவாது. மேடைக் குழுக்களுக்கு வேண்டியிருந்தது கரகரப்பில்லாத ஒலியும் அதற்குப் போதிய ஆற்றல் இருப்பும். மேலைக் கிட்டார்காரர்கள் ஆம்பை மிகைத்து உடைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது நம்மவர்கள் உடையாத ஆம்பைத் தேடினார்கள். ஆகவே கிட்டாரை நேரே மிக்சரில் சொருகுவது குறையாகத் தோன்றவில்லை. இதே காலத்தில் குழாய்களோடு பாக்ஸ் எனப்படும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் மேடையின் இருபுறம் அடுக்கப்பட்டன. கார்டு முழுமையாகக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

தேர்வின் கணக்கு

12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 80 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலிக்கிறது. டிஸ்டார்ஷனின் கூர்மையான மேல்விளிம்பை அது வடிகட்டிவிடுகிறது. அதே ஒலியை முழுவீச்சுப் பாக்ஸில் நேரே விட்டால் காது கூசும். மேலும், இந்த ஸ்பீக்கரின் மேற்சுரங்கள் நேர்முன்னே கதிராகச் செல்பவை. தரையில் பெட்டி, ஓரடி முன்னே வாசிப்பவர் என்றால், கூர்மை முழுவதும் அவர் முழங்காலுக்குப் பாயும். தனக்கு மந்தமாகக் கேட்கிறதென்று அவர் டிரெபிளைத் திருக, முன்வரிசை முகம் சுளிக்கும். பெட்டியைச் சாய்த்து வைப்பதோ நாற்காலிமேல் ஏற்றுவதோ புதிய ஆம்ப் வாங்குவதைவிடப் பயன் தரும்.

இணைப்பிலும் கவனம் வேண்டும். இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லைக்குக் குறைந்த ஓமில் சூடேறிப் போகும். வால்வு ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அதன் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து.

திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு 6 டெசிபெல் குறையும், ஆற்றலை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபெல் தரும் நான்கு ஸ்பீக்கர் பெட்டியை 100 வாட்டில் ஓட்டினால் ஒரு மீட்டரில் 120 டெசிபெல். 128 மீட்டரில் 78. அதையே 15 வாட்டில் ஓட்டினால் அங்கே சுமார் 70. வித்தியாசம் எட்டு டெசிபெல்தான். அதற்காகச் சுமக்க வேண்டிய எடையையும், ஜெனரேட்டரில் இழுக்கும் மின்சாரத்தையும் எண்ணிப் பார்த்தால், சிறு ஆம்பும் நல்ல மைக்கும் போதும் என்பது விளங்கும்.

இக்கடற்கரையில் காற்றும் கணக்கில் சேரும். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை. அது கச்சான் வீசும் பருவம். மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும் அக்காற்றுக்கு எதிரே செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து எழும்பிவிடும், காற்றோடு செல்வது தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். கடலை முதுகுக்குப் பின்னே வைத்து ஊரைப் பார்த்து அமைத்த மேடையின் பெட்டிகள் கச்சானில் இரட்டிப்பாக உழைக்க வேண்டும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசும் மாதங்களில் அதே பெட்டிகள் தேவைக்கு மேல் கேட்கும். உப்புக்காற்று சாக்கெட்டுகளில் களிம்பேற்றி, கச்சேரி நடுவே கரகரவென்று கத்த வைப்பதும் இங்கு வழக்கம்.

சட்டம்

ஒலிபெருக்கம் குறித்த விரிவான தமிழக ஆவணங்கள் நீதிமன்றங்களிலும் உள்ளன. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியின் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம், அருகிலிருந்த முழு நற்செய்தி தேவசபையின் ஒலி குறித்து முறையிட்டது. அச்சபையின் வழிபாட்டில் டிரம் செட்டும் கிட்டாரும் இருந்தன. அப்பகுதி இரைச்சலில் வாகனங்களுக்கும் பங்குண்டு என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை குறித்தது. ஒலியைக் கட்டுப்படுத்தச் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட ஆணையை எதிர்த்துச் சபை உச்சநீதிமன்றம் சென்றது. 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் எம். பி. ஷா, எஸ். என். புக்கன் அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளியது. பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியோ முரசோ கொண்டு வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுத்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரையறுத்தன. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்குப் பின்னர் இடமளிக்கப்பட்டது. உச்சநீதிமன்றத்தின் 2005 ஜூலை 18 தீர்ப்பு, பொது இடத்தின் எல்லையில் சூழலின் அளவுக்கு மேல் 10 டெசிபெல் அல்லது 75 டெசிபெல், இவற்றில் குறைந்ததைத் தாண்டலாகாது என்றது. மேலே கண்ட 100 வாட் பெட்டி, எல்லை 128 மீட்டரில் இருந்தாலும் இதை மீறும்.

கூம்புக் குழாய்களுக்குத் தடை இறுகியபோது மைக் செட்டுகள் பாக்ஸுக்கு மாறின. கிட்டாருக்கு இது நன்மையே செய்தது. எனினும் குழாயில் மட்டுமே கேட்கும் அந்தத் தொலைதூரத் தெளிவு எந்தப் பாக்ஸிலும் இல்லை.

அண்மைக் காலம்

தூத்துக்குடி மாவட்டம் நாலுமாவடியில் 'இயேசு விடுவிக்கிறார்' ஊழியம் நடத்தும் பெருங்கூட்டங்கள் போன்ற மேடைகளில் கிட்டார் பெரும் ஒலியமைப்பின் ஓர் இழை. இக்கடற்கரைக்கு வெளியே, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, பறையையும் கானாவையும் மின்கிட்டாரோடு ஒரே மேடையில் நிறுத்தியது. வால்வு ஆம்பையும் பெட்டியையும் மைக்கையும் கணினிச் சில்லில் போலச் செய்யும் கருவிகள் இப்போது சிறு குழுக்களிடமும் உள்ளன. அவற்றில் நான்கு ஸ்பீக்கர் மார்ஷல் பெட்டியின் ஒலியைத் தேர்ந்துகொண்டு, கம்பியை மைக் செட்காரரின் மிக்சரில் சொருகுகிறார்கள்.