ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நெரிசலும் விதி மாற்றங்களும்

இரு அணி வீரர்களில் பெரும்பாலோர் பந்தைச் சுற்றி ஒரே இடத்தில் திரண்டு, பந்து வெளியே வர வழியில்லாமல் ஆட்டம் திரும்பத் திரும்ப நின்றுபோவதை ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நெரிசல் என்கிறார்கள். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இந்த ஆட்டத்துக்கு உரிய பரப்பு ஏறத்தாழ 160 மீட்டர் நீளமும் 141 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம். அணிக்கு 18 பேர், மொத்தம் 36 பேர். கணக்குப் போட்டால் தலைக்குச் சுமார் 490 சதுர மீட்டர் வருகிறது. உலகம் ஆடும் கால்பந்தில் அது 325 அளவில்தான் இருக்கும். இடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஓர் ஆட்டம் இடநெருக்கடியால் அவதிப்படுகிறது. விதிகளைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியும் ஏறக்குறைய ஆட்டத்தின் வயதுக்கே பழையது.

மூல காரணம் எளிது: இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கூட்டம் சேராமல் தடுப்பவை வீரர்களின் களைப்பும் பழக்கமும் மட்டுமே. களத்தில் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். கீழே உருளும் பந்தை ஒருவர் குனிந்து அள்ளுகிறார். நிமிர்வதற்குள் எதிரணிக்காரர் அவரை இடுப்போடு கட்டிப்பிடிக்கிறார். பந்தை உதைக்கவோ கையால் குத்திக் கொடுக்கவோ அவருக்கு முன்னதாக வாய்ப்பு இருக்கவில்லை என்று நடுவர் கருதினால் அது தவறாகாது. விசில் ஊதி, பந்தை மேலே எறிந்து, ஆட்டத்தை அங்கேயே மறுபடி தொடங்குவார். இந்தச் சில நொடிகளுக்குள் நாற்பது மீட்டர் தள்ளி நின்றவர்களும் ஓடிவந்து சேர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை பந்து கீழே விழும்போது குனியக்கூட இடமிருக்காது. மறுபடி டேக்கிள், மறுபடி விசில். ஒவ்வொரு நிறுத்தமும் அடுத்த நிறுத்தத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

தொடக்க காலம்

முதல் ஆட்டங்களில் நெரிசல் என்று தனியாக ஒன்று இல்லை, ஆட்டமே நெரிசல்தான். 1858 ஆகஸ்ட் 7 அன்று மெல்போர்ன் கிராமர் பள்ளியும் ஸ்காட்ச் கல்லூரியும் ரிச்மண்ட் பேடக் திடலில் ஆடத் தொடங்கிய புகழ்பெற்ற போட்டியில் பக்கத்துக்கு 40 பேர். நடுவர்களாக இருந்தவர்கள் டாம் வில்ஸும் டாக்டர் ஜான் மெக்கடமும். 1859 மே மாதம் மெல்போர்ன் கழகம் எழுதிவைத்த பத்து விதிகளில் ஆஃப்சைடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆட்டத்தின் அழகுக்கும் பிற்காலத் தலைவலிக்கும் அதுவே வேர்.

ஆட்களைக் குறைப்பது முதல் மருந்தாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அணிக்கு 20 பேர் என்பது வழக்கமாயிற்று. 1897-இல் முதல் பருவத்தை ஆடிய விக்டோரியன் கால்பந்து லீக், அதாவது வி.எஃப்.எல்., 1899-இல் அதை 18 ஆக்கியது. இன்றுவரை அந்த எண் மாறவில்லை.

கோட்டைத் தாண்டிய பந்து

நெரிசலுக்கு எதிராக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் மிகத் துணிச்சலானது 1925-இல் வந்தது. அதுவரை பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் எல்லை நடுவர் அதைத் தலைக்குமேல் பின்புறமாக உள்ளே எறிவார். இரு அணியும் கூடி மோதும். 1925 முதல் இந்த எறிதல் நீக்கப்பட்டது. பந்தைக் கடைசியாக வெளியே அனுப்பிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக் கொடுக்கப்பட்டது. கோட்டோரமாகப் பந்தை நகர்த்திச் சென்று, ஆபத்து வந்தால் வெளியே தட்டிவிடும் பழைய தந்திரம் ஒரே நாளில் நஷ்டக் கணக்காயிற்று. அணிகள் மைதானத்தின் நடுவழியாக ஆடத் தொடங்கின. காலிங்வுட்டின் கார்டன் கவென்ட்ரி 1929-இல் 124 கோல் அடித்து, ஒரே பருவத்தில் நூறு கோலைத் தாண்டிய முதல் வி.எஃப்.எல். வீரரானார். சவுத் மெல்போர்னின் பாப் பிராட் 1934-இல் 150 அடித்தார். இரண்டு சாதனைகளும் இந்த விதி நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை. முழுப் பெருமையையும் விதிக்குக் கொடுத்துவிட முடியாது. அவர்கள் அபாரமான ஆட்டக்காரர்கள். ஆனாலும் முன்கள வீரர்களுக்கு அது பொற்காலம் என்பதை மறுப்பதற்கில்லை.

1939-இல் இந்த விதி கைவிடப்பட்டு எறிதல் திரும்பி வந்தது. வேண்டுமென்றே வெளியே அடித்தால் மட்டும் தண்டனை என்ற ஏற்பாடு தொடர்ந்தது. பலன் தந்த ஒரு விதியை எடுத்துவிட்டு, வீரரின் மனத்தில் என்ன இருந்தது என்று நடுவர் ஊகிக்கும்படி விட்டது நல்ல பேரம் அல்ல. அதன் விலையை ஆட்டம் பல ஆண்டுகள் கொடுத்தது. 1969-இல், காலால் உதைத்த பந்து தரையில் படாமல் நேராக வெளியே போனால் ஃப்ரீ கிக் என்ற விதி வந்தபோது பழைய விதியின் ஒரு துண்டு மட்டும் மீண்டது.

நடுச்சதுரம்

ஒவ்வொரு கால் பகுதியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் பந்தைத் தரையில் அடித்து எழுப்பி ஆட்டத்தைத் தொடங்குவது நெடுங்கால மரபாக இருந்தது. அந்த இடத்தில் கூட்டம் மொய்க்கத் தொடங்கியதும் 1973-இல் ஒரு வைர வடிவமும், 1975-இல் அதற்குப் பதிலாக ஒரு சதுரமும் தரையில் வரையப்பட்டன. இன்று 50 மீட்டர் பக்கம் கொண்ட அந்தச் சதுரத்துக்குள் பந்து எழும்பும்வரை அணிக்கு நால்வர் மட்டுமே நிற்கலாம். விதி இவ்வளவுதான். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த ஆட்டத்தில் இடம் தாராளமாகத் தெரியும் தருணம் எதுவென்று கேட்டால், நடுச்சதுரத் தொடக்கம் என்றே ரசிகர்கள் சொல்வார்கள். ஆட்கள் எங்கே நிற்கலாம் என்று நேரடியாகச் சொன்ன விதி இது. ஏய்க்க வழியில்லாததால் நிலைத்தது.

பெஞ்சும் பயிற்சியாளர்களும்

1978-இல் வி.எஃப்.எல். இரண்டு இன்டர்சேஞ்ச் வீரர்களை அனுமதித்தது. காயம்பட்டவர் வெளியேறி, தேறினால் திரும்பி வரட்டும் என்பதே நோக்கம். எண்ணிக்கை 1994-இல் மூன்றாகவும் 1998-இல் நான்காகவும் உயர்ந்தது. இந்த ஏற்பாட்டுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப் பயிற்சியாளர்கள் மெதுவாகத்தான் கண்டுபிடித்தார்கள். சில நிமிடம் முழு வேகத்தில் ஓடு, வெளியே வந்து மூச்சு வாங்கு, மறுபடி ஓடு என்று வீரர்களைச் சுழற்றினால், பந்து எங்கே போனாலும் அங்கே ஆள் இருக்கும்.

அதே காலத்தில் தற்காப்பும் மாறியது. பயிற்சியாளர் ராட்னி ஈட் சிட்னி அணியில் பின்களத்தை ஆட்களால் நிரப்பும் முறையைக் கையாண்டார். அதன் உச்சம் 2000-ஆம் ஆண்டின் 21-ஆவது சுற்று. அதுவரை ஒரு போட்டியும் தோற்காத எசண்டனை டெரி வாலஸின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ், தன் கோல் முன்னே வீரர்களைக் குவித்து 11 புள்ளிகளில் வீழ்த்தியது. அந்த ஆண்டு எசண்டன் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். மற்றப் பயிற்சியாளர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

2005-இல் பால் ரூஸின் சிட்னி ஆடிய இறுக்கமான ஆட்டத்தை ஏ.எஃப்.எல். (வி.எஃப்.எல்.-இன் பிற்காலப் பெயர்) தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ டெமெட்ரியூவே வெளிப்படையாகக் குறை சொன்னார். அதே அணி அந்த ஆண்டு வெஸ்ட் கோஸ்ட்டை 58–54 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதிப் போட்டியில் இன்றும் ஒளிபரப்பப்படும் காட்சி, கடைசி நொடிகளில் கோல் முன்னே திரண்ட கூட்டத்தின் நடுவிலிருந்து லியோ பாரி எம்பி எடுத்த மார்க், அதாவது உதைத்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்த பிடி. நெரிசலைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.

2008-இல் ஆலஸ்டர் கிளார்க்சனின் ஹாதார்ன் ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் வலையை விரித்தது. 2010-இல் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட் அந்த வலையை எதிரணியின் பாதிக்குள்ளேயே தள்ளிக்கொண்டுபோய் வென்றது. 36 பேரும் மைதானத்தின் ஒரே பாதியில் நிற்பது சாதாரணக் காட்சியாயிற்று. 2013-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் செய்த இன்டர்சேஞ்ச் சராசரி 130-ஐத் தாண்டியது.

களைப்பை நம்பிய விதிகள்

ஏ.எஃப்.எல். எடுத்த வழி, வீரர்களைக் களைக்கவைப்பது. களைத்தவர் அடுத்த நிறுத்தத்துக்கு ஓடிவர மாட்டார்; இடம் தானாகத் திறக்கும் என்பது கணக்கு. 2011-இல் இன்டர்சேஞ்ச் நால்வரில் ஒருவர், ஒருமுறை மட்டும் இறங்கக்கூடிய மாற்று வீரராக்கப்பட்டார். 2014-இல் ஆட்டத்துக்கு 120 மாற்றங்கள் என்று உச்சவரம்பு வந்தது. 2016-இல் அது 90, 2021-இல் 75. கணக்கு பலிக்கவில்லை. கழகங்கள் நெடுந்தூரம் ஓடக்கூடியவர்களைத் தேடித் தேர்ந்தெடுத்தன. ஓடித் துரத்துவதைவிட முன்கூட்டியே இடம் பிடித்து நிற்பது மலிவு என்று பயிற்சியாளர்கள் கண்டுகொண்டார்கள். களைப்பு தாக்கும் அணியையும் பாதித்தது. சோர்ந்த காலால் உதைத்த பந்து குறி தவறி மறுபடி கூட்டத்துக்குள்ளேயே விழுந்தது.

2019-இல் ஸ்டீவ் ஹாக்கிங் கால்பந்துப் பிரிவின் பொறுப்பில் இருந்தபோது 6-6-6 விதி வந்தது. நடுவில் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வோர் அணியும் முன்களத்தில் ஆறு, நடுவில் ஆறு, பின்களத்தில் ஆறு என்று நிற்க வேண்டும். தொடக்கத்தில் முதல் மீறலுக்கு எச்சரிக்கை, பிறகு ஃப்ரீ கிக் என்று இருந்தது. முன்னணியில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் பின்களத்தை நிரப்பிக்கொண்டு நடுத்தொடக்கத்துக்கு வருவதை இது நிறுத்தியது. அந்த அளவில் நல்ல விதி. ஆனால் பந்து எழும்பிய கணத்திலிருந்து எல்லாரும் சுதந்திரர்கள். முதல் எல்லை எறிதல் வருவதற்குள் பழைய கூட்டம் கூடிவிடும். 2018-இல் அணிக்குச் சுமார் 83 ஆக இருந்த சராசரிப் புள்ளி 2019-இல் சுமார் 80 ஆக இறங்கியது.

2021-இல் வந்தது, மார்க்கில், அதாவது எதிரணி வீரர் பந்தைப் பிடித்த இடத்தில், அவரை மறித்து நிற்பவர் அசையக் கூடாது என்ற விதி. நடுவர் நிற்கச் சொல்லிக் கத்தியபின் பக்கவாட்டில் நகர்ந்தால் 50 மீட்டர் தண்டனை. உதைப்பவருக்கு மைதானத்தின் நடுப்பக்கம் கோணம் கிடைத்தது; பந்து கோட்டோரத்தை விட்டு உள்ளே வரத் தொடங்கியது. முதலில் கேலிசெய்தவர்களும் பழகிக்கொண்டார்கள்.

புதிய விதியே வேண்டாம், இருப்பதை ஒழுங்காக ஊதினால் போதும் என்பாரும் உண்டு. 2020-இல் நார்த் மெல்போர்னுடன் ஆடிய ஆட்டத்தில் தன் அணி 69 டேக்கிள் செய்தும், பந்தைப் பிடித்து வைத்திருந்ததற்காக ஒரு ஃப்ரீ கிக்கும் கிடைக்கவில்லை என்று கிளார்க்சன் பகிரங்கமாகப் புகார் சொன்னார். அடுத்த சுற்றில் நடுவர்களின் விசில் தாராளமாக ஒலித்தது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்தை முதலில் எடுக்கத் துணிபவரைத் தண்டித்தால், எடுக்காமல் காத்திருந்து டேக்கிள் செய்வதே லாபம் என்றாகிவிடும்.

ஆட்களைக் குறைப்பதும் கட்டம் போடுவதும்

அணிக்கு 16 பேர் என்ற யோசனை பழையது. வி.எஃப்.எல்.-உடன் போட்டியிட்ட அமைப்பான விக்டோரியன் கால்பந்துச் சங்கம் 1912-இலேயே அதைச் செய்து பார்த்தது. நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பல்லாண்டுகள் 16 பேரை வைத்தே ஆடியது. கோல் குவியும் திறந்த ஆட்டம் என்று அதற்குப் பெயர். 2017-இல் தொடங்கிய பெண்கள் லீக்கும் 16 பேர் ஆட்டம்தான். ஆனால் அதன் தொடக்கப் பருவங்களில் நெரிசலும் குறைந்த கோல்களும் பேசப்பட்டன. இரண்டு பேரைக் கழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மற்றொரு யோசனை, நிறுத்தங்களின்போது ஒவ்வோர் அணியிலும் சிலர், கோல்களுக்கு எதிரே வரையப்பட்ட இரு 50 மீட்டர் வளைவுகளுக்குள் இருந்தே தீர வேண்டும் என்பது. இப்போது வி.எஃப்.எல். என்ற பெயரில் நடக்கும் இரண்டாம் நிலைப் போட்டியில் 2021-இல் இப்படி ஒரு விதி முயன்று பார்க்கப்பட்டது. ஆஃப்சைடு இல்லாத மற்றொரு ஆட்டமான அயர்லாந்தின் கேலிக் கால்பந்து இதே நோயால் அவதிப்பட்டு, அணிக்கு மூவர் எப்போதும் எதிர்ப்பாதியில் இருக்க வேண்டும் என்று 2025-இல் விதித்தது. ஆஸ்திரேலியாவில் மரபுவாதிகள் இதை எதிர்க்கிறார்கள்: எங்கும் ஓடலாம் என்பதை எடுத்துவிட்டால் அது வேறு ஆட்டம் என்கிறார்கள். நடுச்சதுரம் 1975 முதலே அந்தச் சுதந்திரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதுவரையான அனுபவத்தில், ஆட்கள் நிற்கும் இடத்தை வரையறுத்த விதிகளும் நிறுத்தத்தையே ஒழித்த விதிகளும் பலித்தன. வீரர்களின் களைப்பை நம்பியவை பலிக்கவில்லை. 2026 பருவத்துக்கு ஏ.எஃப்.எல். அறிவித்த மாற்றங்களில் இரண்டுக்கும் சான்று உண்டு. மாற்று வீரர் என்ற ஏற்பாடு நீங்கி இன்டர்சேஞ்சில் ஐவர் ஆகிறார்கள். நடுவில் பந்தைத் தரையில் அடிப்பதற்குப் பதில் மேலே எறிகிறார்கள். கடைசியாக உதைத்தோ கையால் குத்தியோ பந்தை வெளியே அனுப்பிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக் என்று 1925-இன் விதி சுருங்கிய வடிவில் திரும்புகிறது. ஆனால் அது இரு 50 மீட்டர் வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு மட்டுமே பொருந்தும். நெரிசல் மிக அதிகமான கோல் முகப்பில் பழைய எல்லை எறிதலே தொடர்கிறது.