துஞ்சிய மன்னர்கள்



நன்னூலில் ‘மங்கலம்’ என்றொரு வழக்கு படித்திருப்பீர்கள். சொல்லக் கூசும் செய்தியை வேறு நல்ல சொல்லால் சொல்வது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. துஞ்சுதல் என்றால் உறங்குதல். இரண்டு மதிப்பெண்ணோடு அதை விட்டுவிடுகிறோம். ஆனால் வரலாறு படிப்பவருக்கு இந்த ஒரு சொல் பெரும் உதவி.

புறநானூற்றில் இரண்டு நன்மாறன்கள் வருகிறார்கள். ஒருவன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சியவன், மற்றவன் சித்திரமாடத்துத் துஞ்சியவன். இறந்த இடம்தான் அடையாளம். சோழர் கல்வெட்டுகளிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார். சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். அவன் இறந்தது காஞ்சிபுரத்து அரண்மனையில் என்று இதைக் கொண்டே சொல்கிறோம்.

இவர்களாவது மாளிகையில் கண்மூடியவர்கள். முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் கதை வேறு. அவன் ‘ஆனைமேற்றுஞ்சின’ தேவர். பிரித்தால் ஆனை மேல் துஞ்சின. யானை மேல் யாராவது தூங்குவார்களா? வகுப்பில் இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

949-இல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பெரும்போர். இளவரசன் யானை மீதிருந்தபடியே மாண்டான். சோழர் படை தோற்றது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. இத்தனையையும் ‘துஞ்சின’ என்ற ஒரு சொல்லுக்குள் போர்த்தி வைத்துவிட்டார்கள்.

வென்றவர்களுக்கு அந்தக் கூச்சம் ஏது? கர்நாடகத்து ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டு, கங்க மன்னன் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றான், அதற்காகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி முதலிய நாடுகளைக் கொடுத்தான் என்று பச்சையாகச் சொல்கிறது. (அந்தக் கல் நட்டதே காட்டுப்பன்றியோடு மோதி இறந்த ‘காளி’ என்ற வேட்டை நாய்க்காக! இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) பின்னாளில் வந்த சோழரின் ஆனைமங்கலச் செப்பேடோ, கிருஷ்ணனின் அம்பு பாய்ந்து அவன் வீரர் உலகம் போனான் என்கிறது. கொன்றவன் யார் என்பதிலேயே இரண்டு கட்சி.

சோழர் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். துஞ்சின என்றால் என்ன என்று அன்று கேட்ட எல்லோருக்கும் தெரியும். ‘ஆனை மேல்’ என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. புறமுதுகிடவில்லை, இறங்கி ஓடவில்லை என்பதை அந்த இரண்டு சொல்லே சொல்லிவிடுகிறது.

நம் தெருச் சுவரொட்டிகளில் காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்று எத்தனை வகை பார்க்கிறோம். உங்கள் ஊர்ப்பக்கம் வேறென்ன சொல்வார்கள்? கீழே எழுதுங்கள், பார்ப்போம்.